யாழ்ப்பாணத்தில் தமிழ்மொழியில் படித்த பிள்ளை, இனமும் மொழியும் போடும் தடைகளைத் தாண்டிப் பல்கலைக்கழகத்திலும் முதல் வேலையிலும் நிலைக்க என்ன செய்யவேண்டும்?

முதலில் தரப்படுத்தல், அதாவது மொழிக்கொரு வெட்டுப்புள்ளி வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்த முறை. 1971 அனுமதியில் பொறியியலுக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 400க்கு 250, சிங்களமொழி மாணவருக்கு 227 என்று வெட்டுப்புள்ளி வைத்தார்கள். அந்தக் காயம் இன்றும் வீடுகளில் பேசப்படுகிறது, பேசப்பட வேண்டியதும்தான். ஆனால் இன்று அனுமதி இசட் புள்ளியில், அதாவது பாடத்தின் சராசரியோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் புள்ளியில் நடக்கிறது. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மொழிக்கென்று தனி வெட்டுப்புள்ளி கிடையாது. ஆகவே "எங்கட பிள்ளையள எடுக்கமாட்டாங்கள்" என்று சொல்லிப் படிக்கிற பிள்ளையின் மனதைத் தளர்த்தாதீர்கள்.

தடை உள்ளே போன பிறகுதான் தொடங்குகிறது. உயர்தரத்தில் இரண்டு வருடம் ஆர்முடுகல், திணிவு, உந்தம் என்று கணக்குச் செய்த பிள்ளைக்கு முதல் விரிவுரையில் அக்சலரேசன், மாஸ், மொமென்டம் என்று காதில் விழும். பாடம் தெரியும், சொல் தெரியாது. கை உயர்த்திக் கேட்க வெட்கம். அப்படியே மூன்று கிழமை போனால் பிடிப்பது கடினம்.

இதற்கு ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு மட்டும் மருந்தாகாது. பரீட்சை எழுதி முடித்து அனுமதி வரும்வரை கிடக்கிற மாதங்களில் பழைய வினாத்தாளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒரே கேள்வி, இரண்டு மொழி. பௌதிகவியல் முதலாம் தாளில் 50 கேள்வி. நாளுக்கு ஐந்து பார்த்தால் பத்து நாளில் ஒரு வருடத் தாள், நூறு நாளில் பத்து வருடம். ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டு வாசித்து, விடை ஏன் சரி என்று ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சொல்லிப் பார்க்கவேண்டும். வாய்மொழிப் பரீட்சையில் மாட்டுகிற இடம் அதுதான்.

சிங்களத்தையும் அதே இடைவெளியில் தொடங்குங்கள், பேச்சிலிருந்து. எழுத்துச் சிங்களத்தில் வினைமுற்று வேறு மாதிரி வரும். அங்கே தொடங்குகிறவர்கள் பேசாமலே விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பதும் வீண் சுற்று. "மட்ட புளுவன்" என்றால் "எனக்கு ஏலும்". "மட்ட ஓனெ" என்றால் "எனக்கு வேணும்". "எனவா கியலா கிவ்வா" என்றால் "வாறன் எண்டு சொன்னவர்". சொல் வரிசை எங்கள் வரிசைதான். அக்கா என்ற சொல்கூட அங்கும் அக்காதான்; அவர்களுடைய அய்யா மட்டும் எங்களுடைய அண்ணன். கொழும்புக்குப் போய் வெள்ளவத்தை அறையும் தமிழ்க் கடையுமாக இருந்துவிட்டால் ஐந்து வருடத்திலும் சிங்களம் வராது.

அடுத்தது பெயர். ஞானம் என்பதை ஒரு ஆவணத்தில் ஜி, என் சேர்த்தும் இன்னொன்றில் என் மட்டும் வைத்தும் எழுதியிருப்பார்கள். எங்களில் தகப்பன் பெயர் முன்னால் வருவதால் படிவத்தில் குடும்பப் பெயர் எது என்பதிலும் குழப்பம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ், கடவுச்சீட்டு நான்கையும் மேசையில் விரித்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் நேர்முகத்துக்கு முன்பே, எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள்.

அரச வேலை என்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அரச சேவைக்கு ஆட்சேர்க்கும் பரீட்சையைத் தமிழில் எழுத அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது; வேலையில் சேர்ந்த பிறகு மற்ற மொழியை நியாயமான காலத்துக்குள் கற்கச் சொல்லலாம். கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள். ஆனால் பதிலுக்குக் காத்திராமல் அன்றே யாரிடமாவது வாசிப்பித்துத் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனத்தைக் காரணமாக்கி ஒதுக்கினார்கள் என்று நினைத்தால், கவனிக்க வேண்டியது நாட்கணக்கு. அடிப்படை உரிமை மனுவை, அது நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும். பலர் முதலில் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தில் தாங்கள் பெற்ற புள்ளிகளைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதற்குப் பதில் தர 14 வேலைநாள் இருக்கிறது, அதாவது ஏறக்குறைய மூன்று கிழமை. மேன்முறையீடு என்று போனால் மாதம் முடிந்துவிடும். தகவல் கேட்கிற கிழமையிலேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்திலும் முறைப்பாடு கொடுங்கள். மாதத்துக்குள் கொடுத்தால் விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் காணாது. விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்தில் சான்று வாங்குங்கள். சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

தனியார் கொம்பனிக்கு எதிராக இந்த மனு ஓடாது; அது அரச நிர்வாகச் செயலுக்கு மட்டும். அங்கே தயாரிப்புத்தான் கவசம். யாழ்ப்பாண முகவரியைக் கண்டதும் "வரமாட்டார்" என்று ஒதுக்க இடம் கொடாமல், எந்தத் திகதியிலிருந்து கொழும்பில் இருப்பீர்கள் என்று முகவரிக்குக் கீழேயே எழுதுங்கள். 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் தூங்காமல் வந்து காலை நேர்முகத்தில் உட்காராதீர்கள், முதல் சுற்றை இணையத்தில் வைக்கமுடியுமா என்று கேளுங்கள். பரிந்துரைப்பவர் இருவரில் ஒருவராவது பயிற்சிக்காலத்தில் உங்கள் வேலையை நேரே பார்த்தவராக இருக்கட்டும். அவர் சிங்களத்தில் தொலைபேசி எடுத்துப் பேசக்கூடியவர் என்றால் இன்னும் நல்லது.