சிங்கப்பூர்ல கைதியான தாத்தாவோட கதையை எப்படித் தேடுறது?

பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்துல இருந்த தாத்தா சிங்கப்பூர்ல 1942ல ஜப்பான்காரன்கிட்ட கைதியானாரு, பொறவு தகவலே இல்லைன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல ஆச்சியோட டிரங்குப் பெட்டியைக் கிண்டுங்க, பழைய டிஸ்சார்ஜ் புக்கோ பென்ஷன் பேப்பரோ கெடச்சா அதுல உள்ள சர்வீஸ் நம்பர்தான் சாவி, பேரை நம்பாதீங்க, எங்க சுப்பையா தாத்தா பேரையே பட்டாளத்து ரெக்கார்டுல மூணு ஸ்பெல்லிங்ல எழுதி வச்சிருந்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட்னா ஊட்டிப்பக்கம் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ்னா (பட்டாளத்து இன்ஜினியர் படை) பெங்களூரு, நம்பரோட லெட்டர் போடுங்க. இறந்திருந்தா போர்ல செத்த வீரங்க பேரு, கல்லறை விவரம் வச்சிருக்கிற காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் (CWGC) சைட்ல தேடலாம், சிங்கப்பூர் க்ராஞ்சி நினைவுச் சுவர்ல மட்டும் 24,000க்கு மேல பேரு இருக்கு, சிலருக்கு அப்பா பேரு, ஊரு கூடப் போட்டிருக்கும். நம்ம திருநெல்வேலி ஜில்லாவை வெள்ளைக்காரன் எழுதினபடி 'டின்னவேலி' (Tinnevelly)ன்னு அடிச்சுத் தேடணும், நான் அது தெரியாம ஒரு மாசம் மண்டையை ஒடச்சேன். நேதாஜியோட ஐஎன்ஏல (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்திருந்தா டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துல பாருங்க.