கருத்துக் கேட்புக்கு ஆதார் வேண்டுமா?

கேள்வி: எங்கள் நகராட்சி ஒரு வரைவு விதிக்கு இணையம் வழியாகக் கருத்து கேட்கப் போகிறது. போலிக் கருத்துகளைத் தடுக்க ஆதாரைக் கட்டாயமாக்கலாமா? வந்ததை அப்படியே வெளியிடலாமா?

பதில்: ஆதார் வேண்டவே வேண்டாம். அதிகாரிக்கு எதிராக எழுத நினைப்பவர்தான் முதலில் பயந்து ஒதுங்குவார்.

போலி பற்றிய கவலை நியாயமானதே. 2017இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு இணையச் சமநிலை (எல்லா இணையத் தளங்களையும் சேவை நிறுவனங்கள் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற கொள்கை) குறித்து சுமார் 2.2 கோடி கருத்துகள் வந்தன. அவற்றில் ஏறக்குறைய 1.8 கோடி போலி என்று நியூயார்க் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் விசாரணை 2021இல் சொன்னது. லட்சக்கணக்கான உண்மையான மனிதர்களின் பெயர்கள் அவர்களுக்கே தெரியாமல் பயன்படுத்தப்பட்டிருந்தன. இதற்கு எளிய தடுப்பு உண்டு: கருத்து வந்ததும் கொடுத்த மின்னஞ்சலுக்கோ கைபேசிக்கோ ஒப்புகை எண் அனுப்பி, அவர் உறுதி செய்த பிறகே பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரே வாசகத்தில் ஆயிரம் பேர் எழுதினால் அதைப் போலி என்று தள்ளாதீர்கள். 2015இல் நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு இதே இணையச் சமநிலை பற்றி வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை ஒரு பிரசார இயக்கத்தின் மாதிரிக் கடிதங்கள்தான். அனுப்பியவர்கள் நிஜமானவர்கள். இது வாக்கெடுப்பு அல்ல. ஒரே வாதத்தை ஒரே தொகுப்பாக்கி, எத்தனை பேர் சொன்னார்கள் என்று குறித்தால் போதும்.

வெளியிடுவதற்கும் அதே டிராய்தான் பாடம். மின்னஞ்சல் முகவரிகளோடு சேர்த்தே எல்லாவற்றையும் தளத்தில் போட்டுவிட்டார்கள். அத்தனை பேரின் முகவரியும் குப்பை அஞ்சல்காரர்கள் கைக்குப் போகும்படி திறந்து கிடந்தது. அதனால் படிவத்திலேயே தொடர்பு விவரத்தைத் தனிக் கட்டத்தில் வாங்குங்கள். வெளியிடும் கோப்பில் அது வரவே கூடாது. பெயர் வேண்டுமா என்பதை எழுதுபவரே தேர்ந்தெடுக்கட்டும். அப்புறம், மக்கள் கருத்துக்குள்ளேயே கதவு எண்ணையும் போன் நம்பரையும் எழுதுவார்கள். அதை ஒரு ஆள் படித்து நீக்கித்தான் ஆக வேண்டும்.

வரைவைத் தமிழில், பிரிவு பிரிவாகப் போடுங்கள்; ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டாம். 2020இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை 22 மொழிகளில் மொழிபெயர்க்கும்படி தில்லி உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. கால அவகாசம் 30 நாளுக்குக் குறைய வேண்டாம். சட்டம் இயற்றும் முன் மக்களிடம் கருத்து கேட்பது பற்றிய மத்திய அரசின் 2014ஆம் ஆண்டுக் கொள்கையும் குறைந்தது அவ்வளவு கேட்கிறது. தபாலில் வரும் கடிதமும் அதே பதிவேட்டில் ஏறட்டும்.

எல்லாம் முடிந்ததும் எந்தக் கருத்தை ஏற்றீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று பிரிவுவாரியாக எழுதி, இறுதி விதியோடு அதே பக்கத்தில் போடுங்கள். அந்த வேலைக்கு ஆளும் நாளும் இப்போதே ஒதுக்கிவிட்டுப் படிவத்தைத் திறங்கள்.