டாமுக்குச் சட்டம், பூ ராட்லிக்கு மட்டும் பொய்யா? ('டு கில் எ மாக்கிங்பேர்ட்' கட்டுரைச் சந்தேகம்)

இது முரண்பாடு இல்லை. ஹார்பர் லீயின் இந்த நாவலில், மயெல்லா என்ற வெள்ளையர் பெண்ணை வன்புணர்ந்ததாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பர் டாம் ராபின்சனுக்காக அப்படி வாதாடிய வக்கீல் அட்டிகஸ், பூ ராட்லியைக் காப்பாற்ற ஷெரிஃப் (காவல் அதிகாரி) சொல்லும் பொய்க்கு ஏன் சம்மதிக்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். அட்டிகஸின் குழந்தைகளைத் தாக்கிய மயெல்லாவின் அப்பாவைக் கொன்றவர் பூ, ஆனால் அந்த ஆள் தன் கத்திமேலேயே விழுந்து செத்தார் என்கிறார் ஷெரிஃப். முதல் வழக்கில் சாட்சி, விசாரணை, ஜூரி என எல்லாம் முறைப்படி நடந்தும் தப்பே செய்யாதவர் தண்டிக்கப்படுகிறார். இரண்டாவதில் வழக்கே போடாமல், குழந்தைகளின் உயிரைக் காத்தவர் வீடு திரும்புகிறார்.

சட்டமும் நீதியும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டதால் நீங்கள் அங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்று செய்து பாருங்கள். 17 முதல் 21 வரையான அத்தியாயங்களை மறுபடி எடுத்து, மயெல்லாவின் முகத்தில் எந்தப் பக்கம் அடி, அவள் அப்பா எந்தக் கையால் எழுதுகிறார், டாமின் இடது கை எப்படி இருக்கிறது என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், அவளை அடித்தது டாமாக இருக்க முடியாது என்பது புரியும். சிறுவயதில் பஞ்சு இயந்திரத்தில் சிக்கிச் சூம்பிப்போன கை அது, பைபிள் மேல் வைத்தாலும் நழுவி விழுகிறது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் வெள்ளையர் ஜூரி குற்றவாளி என்கிறதே, அங்கே மனம் பதறவில்லை என்றால் நாவலை நாம் சரியாகப் படிக்கவில்லை. அப்புறம் 30ஆம் அத்தியாயத்தைப் படியுங்கள், தண்டனைக்குப் பின் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்ட டாமின் சாவை ஷெரிஃபே அங்கே நினைவுபடுத்துகிறார்.

ஆனால் முடிவை முழு நீதி என்று எழுதிவிடாதீர்கள். பூ வெள்ளையர். அவருக்குக் கிடைத்த கருணை 1930களின் அலபாமாவில் டாமுக்குக் கிடைத்திருக்காது, கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.