வீட்டில் கேம் செய்ய மூன்று மாதச் சம்பளத்துக்குக் கம்ப்யூட்டர் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 34. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒன்றரை வருடமாக இரவில், குழந்தை தூங்கிய பிறகு, கோடோ என்ஜின் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் ஒரு 2டி கேம் செய்து வருகிறேன். முழுக்க ஆசைக்குத்தான், வருமானம் எதிர்பார்க்கவில்லை. என் லேப்டாப் 2019இல் வாங்கியது. 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். கோடோ, பிரவுசர், படம் வரையும் கிருதா மூன்றையும் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. நண்பர்கள் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப் வாங்கச் சொல்கிறார்கள். அது என் மூன்று மாதச் சம்பளம். 24 மாதத் தவணை, வருடம் 12 சதவீத ஃபிளாட் வட்டி என்கிறார்கள். அவசரத்துக்கென்று இரண்டு மாதச் செலவுக்கான பணம் மட்டும் சேமிப்பில் இருக்கிறது. தவணையில் வாங்கலாமா, சேமிப்பை எடுக்கலாமா? மனைவி ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் உறுத்துகிறது.

பதில்: இரண்டுமே வேண்டாம். கேமை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து ஒன்றரை வருடம் விடாமல் ஒன்றைச் செய்வது சின்ன விஷயமல்ல. அதற்குப் பணம் செலவழிக்க உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. எதற்குச் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் தவணைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 12 சதவீதம் என்றால் சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் ஃபிளாட் வட்டியில் கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் வட்டி போடுவார்கள். 100 கடன் வாங்கினால் இரண்டு வருடத்தில் 124 கட்டுவீர்கள். ஒரு வருடம் முடியும்போது அசலில் கிட்டத்தட்ட பாதியை அடைத்திருப்பீர்கள். வட்டி மட்டும் அப்போதும் நூற்றுக்கே ஓடும். குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் கணக்கிட்டால் இது வருடத்துக்குச் சுமார் 21.5 சதவீதம். வருமானம் தராத ஒரு பொருளுக்கு இந்த வட்டி மிக அதிகம். கணக்குப் பிரிவில் இருப்பவர், நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

சேமிப்பை எடுப்பதும் சரியல்ல. இரண்டு மாதச் செலவுக்கான பணம் என்பதே குறைவு. குழந்தை இருக்கும் வீட்டில் அதை ஆறு மாதம் நோக்கி வளர்க்க வேண்டிய நேரம் இது.

சரி, லேப்டாப் நின்றுபோகிறதே, அதற்கு என்ன வழி? இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். வழக்கம்போல அந்த மூன்றையும் திறந்து, லேப்டாப் திணற ஆரம்பித்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போனால் பிராசஸர், மெமரி (ரேம்தான் அது), டிஸ்க், கிராபிக்ஸ் நான்கும் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்று தெரியும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியிருக்கும், டிஸ்க் 100இல் ஒட்டிக்கொண்டிருக்கும், கிராபிக்ஸ் ஏறக்குறைய சும்மா இருக்கும் என்று நினைக்கிறேன். ரேம் போதாதபோது விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் எழுதி வைத்துத் திரும்ப எடுக்கும். ஹார்ட் டிஸ்கில் அது நொண்டியடிக்கும். அதனால்தான் இரண்டும் ஒன்றாக நிரம்புகின்றன. அப்படி இருந்தால், கிராபிக்ஸ் கார்டுக்காக நீங்கள் கொடுக்கப்போகும் பணம் இந்தக் கஷ்டத்தைத் தொடவே தொடாது.

தேவைப்படுவது ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும், அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிரைவ் ஒன்றும் இன்னொரு 8 ஜிபி ரேமும். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி வரை படிக்கும். எஸ்எஸ்டியில் சாதாரண வகையான சாட்டாவே 500ஐத் தாண்டும். சின்னச் சின்ன ஃபைல்களைப் படிப்பதில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. கேம் புராஜெக்ட் என்பதே ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள்தானே. என் தம்பி இதே நிலையில் இருந்தான். புராஜெக்ட் திறக்கும் வரை போனைக் கையில் எடுப்பான், அதிலேயே அரை மணி நேரம் போய்விடும். எஸ்எஸ்டி போட்ட பிறகு போனை எடுக்க நேரமே கிடைக்கவில்லை என்றான். இரவில் கொஞ்ச நேரம் மட்டும் கிடைக்கிறவருக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறு என்ன இருக்கிறது?

வாங்கும் முன் உங்கள் மாடலில் ரேமைச் செருகும் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். சில மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டோடு சேர்த்தே பற்ற வைத்திருப்பார்கள், மாற்ற முடியாது. மாற்ற முடிந்தால் ஒரே அளவில் இரண்டாகப் போடுவது நல்லது. பிராசஸரோடு வரும் கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது, இரண்டு இருந்தால் அதுவும் வேகமெடுக்கும். அப்புறம், கோடோ 4இல் புராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரர், அதாவது கேமைத் திரையில் வரையும் முறை, மூன்று காட்டும். கம்பாட்டிபிலிட்டி என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய கிராபிக்ஸிலும் 2டி நன்றாக ஓடும். இதற்கு ஒரு காசும் ஆகாது.

ரேம் போர்டோடு ஒட்டியிருக்கிறது, எஸ்எஸ்டியும் போட முடியாது என்றால் மட்டும் வேறு லேப்டாப் பாருங்கள். அப்போதும் கேமிங் லேப்டாப் வேண்டாம். நிறுவனங்கள் மூன்று நான்கு வருடம் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் அலுவலக லேப்டாப்கள், வாரண்டியோடு புதுப்பித்து விற்பனைக்கு வரும். கனமாக இருக்கும், அழகாக இருக்காது, ஆனால் கீபோர்டு நன்றாக இருக்கும், திறந்து பாகம் மாற்றலாம். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் போதும். ஒன்றே ஒன்றை விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் பிராசஸர்கள் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தையதை மலிவாக இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம்.

நண்பர்கள் சொல்வது முழுக்கத் தவறு என்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் அன்ரியல் என்ஜின் 5 என்ற இன்னொரு கேம் மென்பொருளில் பெரிய 3டி உலகம் கட்டுகிறீர்கள் என்றால் கதை வேறு. அதற்கு அதை உருவாக்கும் எபிக் நிறுவனமே 32 ஜிபி ரேமும் 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரியும் பரிந்துரைக்கிறது. 3டி உருவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் மணிக்கணக்காக ரெண்டர் செய்பவருக்கும், அதாவது படமாக்குபவருக்கும், நல்ல கார்டு உழைக்கும். ஆனால் என்றைக்கோ செய்யப்போகும் கேமுக்கு இன்றைக்கே வட்டி கட்டக் கூடாது. அந்த நாள் வந்தால் டெஸ்க்டாப் பாருங்கள். கார்டைப் பிறகு தனியாகச் சேர்க்கலாம், ஒரே மூச்சில் பணம் போட வேண்டியதில்லை. லேப்டாப்பில் அந்த வசதி அநேகமாகக் கிடையாது.

தவணையாகக் கட்ட நினைத்த தொகையை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். ரேம், எஸ்எஸ்டி செலவு போக மீதியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி அவசர சேமிப்புக்கு, மறு பாதி கேமுக்கு. கேம் பாதியிலிருந்து முதலில் வாங்க வேண்டியது வெளியில் வைக்கும் ஒரு பேக்கப் டிரைவ். ஒன்றரை வருட உழைப்பு இப்போது ஆறேழு வயதான ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்த விஷயம். எஸ்எஸ்டி வரும் வரைகூடக் காத்திருக்காமல் இன்றே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். கேமை வெளியிடும்போதும் செலவு உண்டு: கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் கேம் ஒவ்வொன்றுக்கும் கட்டணம், கூகுள் பிளேயில் ஒரே முறை, ஆப்பிளில் வருடாவருடம். கோடோவுக்கு மட்டும் எதுவும் தர வேண்டாம், கேம் விற்றாலும் பங்கு கேட்காது.

எந்த வழியில் போனாலும் பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். கிடைக்கப்போவது சொற்பம். உங்கள் கேமை விளையாடப்போகிறவர்களில் பலரிடம் இருப்பது அதே மாதிரி ஒரு கம்ப்யூட்டர்தான். அதில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேறு கருவி வாங்க வேண்டியிருக்காது.