மாட்டால் மாட்டிக்கொண்டவன் சொல்லும் பதில்

கேள்வி: மிகுபுனைவு (ஃபேண்டசி) நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். கதையின் உலகத்தை உருவாக்கவும் படங்கள் போடவும் ஏஐ பயன்படுத்தலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அனுபவம் உள்ளவர்கள் என்று போட்டுவிட்டீர்கள், அதனால்தான் வந்தேன்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஏழு நாடு, பன்னிரண்டு வம்சம், பாதிக்கு மேல் கொடிகூடத் தயார். வரைபடத்தை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. முதல் அத்தியாயம் மட்டும் இன்னும் எழுதவில்லை. சரிதானே? நானும் நாலு வருடம் அப்படித்தான் இருந்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். ராஜாக்கள் பிறந்த வருடம், பட்டமேறிய வருடம் எல்லாம் எக்செல்லில்தான் இருக்கும். ஒரு நாள் பார்த்தால் ஓர் இளவரசன் தன் அப்பனைவிட மூன்று வயது மூத்தவனாக இருந்தான்.

என் கதையின் உலகம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த பட்டறை, தமிழ்ப் பிராமியில் பேர் கீறிய பானையோடுகள் எல்லாம் அகழாய்வில் கிடைத்த ஊர். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்பார்கள். அங்கே போய் ஒரு மத்தியானம் வெயிலில் நின்றபோதுதான் என் கதைக்கு உயிர் வந்தது. என் நாட்டில் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒருத்தர் கொடுத்த வாக்கு அடைபட்டிருக்கும். மணி உடைந்தால் வாக்கு செல்லாது. இதை எந்த ஏஐயும் எனக்குச் சொல்லித் தரவில்லை. (பெருமை பீற்றுகிறான் என்று கீழே எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதலாம்.)

சிக்கல் அட்டைப்படத்தில் வந்தது. 2023-இல் என் சொந்தக் காசில் புத்தகம் போட்டேன். எங்கள் பக்கத்தில் நன்றாகப் படம் வரைகிற பையன் ஒருவன் இருக்கிறான். நாலாயிரம் கேட்டான். ஓர் அட்டைக்கு நாலாயிரமா என்று தோன்றியது. மிட்ஜர்னி என்கிற படம் போடும் ஏஐயில் அப்போது மாதம் பத்து டாலர்தான். கட்டிவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு வேண்டிய காட்சி ரொம்பச் சாதாரணமானது: ஓர் இட்டேரி, அதாவது வண்டித்தடம், இரண்டு பக்கமும் கிளுவை வேலி, காங்கேயம் மாடு பூட்டிய வண்டி, பின்னால் ஓடிவரும் கன்று.

முதலில் வந்த மாட்டுக்குத் திமிலே இல்லை. திமில் வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். நடு முதுகில் வைத்தது, ஒட்டகம் மாதிரி. வேலி என்றால் வெள்ளைக்காரப் பண்ணையில் இருக்கிற மரச்சட்ட வேலி. கிளுவையை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும்: கோடையில் ஓர் இலை இருக்காது, வெறும் முள்ளும் குச்சியும்தான், ஒரு மழை விழுந்தால் வேலி முழுக்கப் பச்சை. அதை நான் எப்படி விவரித்தும் ரோஜாச் செடிதான் வந்தது. மூன்று இரவு, இருநூறு படத்துக்கு மேல். கடைசியில் ஓரளவுக்குத் தேவலாம் என்று ஒன்றை எடுத்து அச்சுக்குக் கொடுத்தேன்.

புத்தகம் வந்ததும் அப்பாரு (தாத்தா) கையில் கொடுத்தேன். எண்பது வயதுக்கு மேல், எழுத்து சரியாகத் தெரியாது. அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இதெந்த ஊரு மாடு? கன்னு ஏன் வெள்ளையா இருக்குது?" என்றார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதம் போல ஆனால்தான் நிறம் மாறும். கட்டுத்தரையில் வளர்ந்தவன் நான். மூன்று இரவு அந்தப் படத்தையே பார்த்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று அப்புறம் படித்தேன். படம் போடும் இந்த ஏஐக்கள் பெரும்பாலும் இணையத்தில் திரட்டிய படங்களையும் கூட இருக்கிற குறிப்புகளையும் வைத்துப் பழகியவை. லயான் என்கிற ஒரு தொகுப்பில் மட்டும் 585 கோடிக்கு மேல் படங்கள். அத்தனையிலும் இட்டேரி என்று குறிப்பு எழுதின படம் எத்தனை இருந்துவிடும்?

அதோடு விட்டதா? அட்டை ஏஐ என்று தெரிந்ததும் ஒருவர், "அப்படியானால் உள்ளே இருப்பதும் ஏஐ எழுதியதுதான்" என்று விமர்சனம் எழுதினார். நாலு வருடம். இராத்திரி பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதியது. அந்த ஒரு வரி இன்னமும் வலிக்கிறது.

இதைச் சொன்னால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மெய்ப்புப் பார்த்தவர் என்னைக் கேட்காமலே 'சாளை' என்று வந்த இடமெல்லாம் 'சாலை' என்று திருத்திவிட்டார். சாளை என்றால் எங்கள் ஊரில் தோட்டத்து வீடு. இப்போது என் நாயகி நாலாம் அத்தியாயத்தில் சாலைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறாள். இன்னொரு வாசகர், "இட்டேரி என்று புதுச்சொல் உருவாக்கியிருக்கிறீர்கள், அபாரமான கற்பனை" என்று பாராட்டினார். இரண்டு வேலிக்கு நடுவே வண்டி போகிற தடம் அது. நான் அதில் நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். சினிமாவில் 'ஏனுங்ணா' என்று சிரிக்க வைக்க மட்டும் எங்கள் பேச்சு வேண்டும், புத்தகத்தில் வந்தால் எழுத்துப் பிழை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

நான் ஏஐக்கு விரோதி இல்லை. எந்த அத்தியாயத்தில் எந்தப் பாத்திரத்துக்கு எத்தனை வயது என்று சரிபார்க்க இப்போதும் பயன்படுத்துகிறேன். காசு இல்லாதவர்கள் ஏஐ அட்டை போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2023-இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், மிட்ஜர்னியில் படம் செய்த ஒரு காமிக்ஸ் புத்தகத்துக்கு எழுத்துக்கும் படங்களைத் தேர்ந்து அடுக்கிய விதத்துக்கும் மட்டும் உரிமை கொடுத்தது, தனித்தனிப் படங்களுக்குக் கொடுக்கவில்லை.

இரண்டாம் பாகத்துக்கு அந்தப் பையனிடமே போனேன். இப்போது ஆறாயிரம், பேரம் பேச வாய் வரவில்லை. பென்சிலில் ஒரு வரைவு போட்டுவிட்டு, "அண்ணா, இட்டேரில ரெண்டு வண்டி எதிரெதிரா வந்தா உங்க நாட்டுல யாருங்க ஒதுங்கோணும்?" என்று கேட்டான். ஏழு நாட்டுக்கும் சட்டம் எழுதி வைத்திருந்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இரண்டாம் பாகத்தின் சண்டை இப்போது அந்த இட்டேரியில்தான் தொடங்குகிறது. வண்ணம் அடிக்க ஆரம்பித்துவிட்டான். கன்று செவலை என்று நான் சொல்ல வேண்டியே இருக்கவில்லை.