‘யூரோப்பியன்’ என்றால் எது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு யூரோப்பியன் வைக்கப் போகிறோம். கடையில் ‘ஆங்கிலோ இந்தியனும் இருக்கு’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: ஒன்றல்ல. யூரோப்பியன் உட்கார மட்டும்தான். ‘வெஸ்டர்ன்’ என்பதும் அதுவே, பில்லில் இ.டபிள்யூ.சி. (யூரோப்பியன் வாட்டர் க்ளாசெட்) என்று இருக்கும். ஆங்கிலோ இந்தியனில் உட்காரலாம்; விளிம்பின் இருபுறமும் வரிவரியாக உள்ள இடத்தில் கால் வைத்துக் குந்தவும் செய்யலாம். ஈரக் காலோடு அவ்வளவு உயரம் ஏறினால் வழுக்கும். பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

வாங்கும் முன் பழைய குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். ட்ராப் என்பது நாற்றம் மேலே வராதபடி தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு. குழாய் தரைக்குள் இறங்கினால் எஸ் ட்ராப், சுவருக்குள் போனால் பி ட்ராப். எஸ் ட்ராப் என்றால் பின்சுவரிலிருந்து குழாயின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். 9 அங்குலம், 12 அங்குலம் இரண்டும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். டைல்ஸ் ஒட்டிய பிறகே அளவெடுங்கள். வெறும் செங்கல் சுவரிலிருந்து அளந்தால் பூச்சும் டைல்ஸும் ஓர் அங்குலத்துக்கு மேல் சாப்பிட்டுவிடும். பின்தொட்டி சுவரில் இடிக்கும், டாய்லெட்டின் கழிவு வாய் குழாய்க்கு நேராக உட்காராது.

தரையை உடைக்கச் சோம்பி, பழைய பேசினுக்கு அடியில் உள்ள ட்ராப்பை அப்படியே விடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். புதியதற்குள்ளேயே ட்ராப் இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு இருந்தால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். ஃப்ளஷ் செய்த தண்ணீர் விளிம்புவரை ஏறி மெல்ல மெல்ல இறங்கும். அடைப்பும் அங்கேதான் விழும்.

கேள்வி: பழைய ரயில்வே தாள்களில் சிலரை ‘யூரோப்பியன்’ என்றும் சிலரை ‘ஆங்கிலோ இந்தியன்’ என்றும் குறித்திருக்கிறார்கள். எதை வைத்துப் பிரித்தார்கள்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: 1935 இந்திய அரசுச் சட்டத்தில் இரண்டுக்கும் வரையறை உண்டு. இருவருக்கும் தந்தைவழியில் யாராவது ஒருவர் ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட நபர் இந்தியாவைத் தாயகமாகக் கொண்டவர் என்றால் ஆங்கிலோ இந்தியன், இல்லையென்றால் யூரோப்பியன். தாய்வழி கணக்கிலேயே வராது. எங்கள் பார்வையில் அது பெரிய அநியாயம். ஆங்கிலோ இந்தியருக்கு நம் அரசியலமைப்பின் 366ஆவது பிரிவிலும் அதே தந்தைவழிக் கணக்குதான்.

தாளின் தேதியைக் கட்டாயம் பாருங்கள். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன் கலப்பு வம்சத்தவரை ‘யூரேஷியன்’ என்றே எழுதுவார்கள். அந்தக் காலத்து எழுத்தில் ‘ஆங்கிலோ இந்தியன்’ என்று வந்தால் பெரும்பாலும் இங்கே வந்து வாழ்ந்த ஆங்கிலேயர் என்று பொருள்.

கேள்வி: ‘யூரோப்பியன் விசா’ எடுத்தால் ஐரோப்பா முழுக்கச் சுற்றலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முடியாது. ஏஜென்ட்கள் சொல்வது ஷெங்கன் விசா, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட நாடுகளுக்கான பொது விசா. அதில் 29 நாடுகள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து நேர்மாறு. லண்டனுக்குத் தனி விசா வேண்டும். எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தி. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். நாள் சமமாக இருந்தால், முதலில் இறங்கும் நாட்டிடம்.