ஹெச்.இ.ஐ.சி-யா, ஜேபெக்கா, ராவா?

கேள்வி: புது போன்ல எடுத்த போட்டோவை கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணா ஓப்பனே ஆகல, ஃபைல் பேருக்குப் பின்னாடி ஹெச்.இ.ஐ.சி-னு இருக்கு. ஃப்ரெண்டு என்னடான்னா 'ரா-ல எடு, அதான் பெஸ்ட்'ங்கிறார். எதுல எடுக்கட்டும், எதுல எடிட் பண்ணட்டும்?

பதில்: முதல்ல பயப்படாதீங்க, போட்டோ எதுவும் கெட்டுப்போகல, அவசரப்பட்டு டெலீட் மட்டும் பண்ணிடாதீங்க. ஹெச்.இ.ஐ.சி-ங்கிறது போட்டோவைச் சுருக்கி சேவ் பண்ற ஒரு ஃபைல் வகை, 2017-ல ஐஓஎஸ் 11 கூட ஐபோனுக்கு வந்துச்சு, இப்போ பல ஆண்ட்ராய்டு போன்லயும் இருக்கு. நமக்குப் பழக்கமான ஜேபெக் (.jpg) 1992-ல வந்த பழைய ஆளு, அதைவிட இது கிட்டத்தட்ட பாதி இடம்தான் எடுக்கும், ஆனா பழைய கம்ப்யூட்டருக்கு இதைப் படிக்கத் தெரியாது, அவ்ளோதான் விஷயம். விண்டோஸ்னா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல ஹெய்ஃப் எக்ஸ்டென்ஷன், ஹெச்.இ.வி.சி எக்ஸ்டென்ஷன் ரெண்டுமே போடணும், நிறைய பேர் முதல்ல சொன்னதை மட்டும் போட்டுட்டு இன்னும் ஓப்பன் ஆகலயேன்னு தவிக்கிறாங்க. கிம்ப் 2.10-ங்கிற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்லயும் திறக்கலாம், அது ஃப்ரீ. இந்த வேலையே வேணாம்னா ஐபோன் செட்டிங்ஸ்ல கேமரா, அதுல ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்'னு மாத்திடுங்க, இனி எடுக்கிறது ஜேபெக்கா வரும்.

இப்போ ரா, அதாவது கேமரா சென்சார் பதிவு பண்ணதை மெருகேத்தாம அப்படியே சேவ் பண்ற ஃபைல். உங்க ஃப்ரெண்டு சொல்றது பாதி சரி. ஜன்னலுக்கு முன்னாடி ஒருத்தரை நிக்கவச்சு எடுத்துப் பாருங்க, முகம் இருட்டா விழும். அதை ஜேபெக்ல வெளிச்சம் ஏத்தினா கன்னமெல்லாம் திட்டுத்திட்டா ஆயிடும், ஏன்னா ஜேபெக்ல ஒரு கலருக்கு இருட்டுலேர்ந்து வெளிச்சம் வரைக்கும் 256 படிதான், 12 பிட் ரா-ல 4096 படி, அதனால இருட்டுக்குள்ள இருக்கிற விவரத்தையும் மேல இழுக்க முடியும். ஆனா எடிட் பண்ணாத ரா சப்புனு இருக்கும், போன் தானா பண்ற நாய்ஸ் (படத்துல புள்ளிப்புள்ளியா தெரியிறது) குறைக்கிறது, ஷார்ப் பண்றது எல்லாம் சாதாரண ரா-ல இருக்காது, அதெல்லாம் நீங்கதான் உக்காந்து பண்ணணும். இடமும் முழுங்கும், ஐபோனோட சொந்த ரா வகையான ப்ரோரா-ல 48 மெகாபிக்சல்ல எடுத்தா ஒரு படமே 75 எம்பி கிட்ட வரும். அதனால தினசரி படத்துக்கு ரா வேணவே வேணாம்னுதான் நான் சொல்லுவேன், சூரிய அஸ்தமனம், ராத்திரி வெளிச்சம் மாதிரி பொறுமையா எடுக்கிறதுக்கு மட்டும் ஆன் பண்ணுங்க.

போன் ரா பெரும்பாலும் டி.என்.ஜி-யா சேவ் ஆகும், அடோபி 2004-ல கொண்டுவந்த ஃபார்மட், அதனால சாஃப்ட்வேர் பஞ்சமே இல்ல. போன்லயே எடிட் பண்ண ஸ்னாப்சீட் ஆப் போதும், கம்ப்யூட்டர்ல டார்க்டேபிள், ரா தெரபி ரெண்டுமே ஃப்ரீ, ஏற்கனவே அடோபியோட லைட்ரூம் சாஃப்ட்வேருக்குப் பணம் கட்டுறவங்க அதுலயே பண்ணிக்கலாம்.

இன்னொண்ணு, ஜேபெக்கை திருத்தித் திருத்தி அதே ஃபைல்லயே சேவ் பண்ணாதீங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் போகும், ஒரிஜினலைத் தனியா வச்சுட்டு காப்பில வேலை பாருங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அது சுருக்கிடும், ஒரிஜினல் அப்படியே போகணும்னா டாக்குமென்ட்டா அனுப்புங்க.